கண்ணீருடன் காணப்படும் மாணவர்

இசக்கிசெல்வி அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்த பத்து நாளும் அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்கத்தான் ஆள் இல்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. அவள் அம்மா முத்தாரம்மாள் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளுகிறவள். காலையில் அம்மாவுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோன இசக்கிசெல்வி, குவியலில் உட்கார்ந்து பத்து நிமிடம் தானும் கிள்ளிக் கொடுத்துவிட்டு, அப்படியே பஸ் ஏறி யூனிவர்சிட்டிக்கு வந்தாள். பரீட்சைப் பிரிவின் ஏழாம் கவுண்டரில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு முறை வந்தது.

விஷயம் சின்னது. பி.எஸ்ஸி. கணிதம் கடைசிப் பருவத்தில் ஐந்து தாள். நான்கில் நல்ல மார்க். ஐந்தாவதான காம்ப்ளக்ஸ் அனாலிசிஸில் மார்க் இருக்க வேண்டிய இடத்தில் 'வரவில்லை' என்று போட்டிருந்தது. அவள் போனாள், எழுதினாள், கூடுதல் தாள் இரண்டு வாங்கிக் கட்டினாள். ஹால் டிக்கெட்டில் மேற்பார்வையாளர் கையெழுத்துகூட இருக்கிறது. அதைத் திருத்தித் தந்தால் எம்.எஸ்ஸி. சேரலாம். சேர்க்கைக்குக் கடைசி நாள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

இதைச் சொல்ல வாயைத் திறக்குமுன் கண்ணில் ஏதோ உறுத்தியது. தேய்த்தாள். மிளகாய்க் கை. இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் தாரையாகக் கொட்டியது.

கவுண்டருக்குள் இருந்த மலையாளி விஜய்குமார் சார் பேனாவைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"கரையாதே குட்டி, இங்கே நின்னு அழாதே. எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாசம்தான் இருக்கு."

"கரையல்ல சாரே. மொளகாய்."

அவர் அதற்குள் மேஜைக்கு அடியில் இருந்த பொத்தானை அமுக்கிவிட்டார். பதினான்காம் சுற்றறிக்கை அவர் தலைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது: 'வளாகத்தில் கண்ணீருடன் காணப்படும் மாணவரைக் கண்டவர் பதினைந்து நிமிடத்துக்குள் மனோதீரத்தில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும்.' அந்த அலுவலகத்தில் எதற்கும் அஞ்சாதவர்களும் எழுத்துமூல விளக்கத்துக்கு அஞ்சுவார்கள். நாலாவது நிமிடம் இரண்டு செக்யூரிட்டிகள் சக்கர நாற்காலியோடு வந்தார்கள். "எனக்கு நடக்க முடியும்" என்றாள். "முடியும்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க" என்று ஒருவர் பரிவோடு சொல்லி, பெல்ட்டை மாட்டினார்.

மனோதீரம் என்பது மாணவர் மனநலத்துக்காக யூனிவர்சிட்டி புதிதாகத் தொடங்கிய மையம். வாசலில் செயற்கைப் புல், உள்ளே நீல விளக்கு, சுவரில் கடல் படம். நிஜக் கடல் சங்குமுகத்தில், ஒரு பஸ் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதில் யூனிவர்சிட்டி முத்திரை கிடையாது.

ஆலோசகர் பெயர் ஆர்ஷா. நெடுமங்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் ஒப்பந்தப் பணியாளர். பதினோராயிரம் மாணவருக்கு அவள் ஒருத்தி. அவள் மலையாளத்தில் கேட்டாள், இசக்கிசெல்வி தமிழும் மலையாளமும் கலந்து பதில் சொன்னாள். இந்த ஊரில் அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

"என்ன பிரச்சினை, மோளே?"

"பரீட்சை எழுதினேன் மேடம். வரல்லன்னு போட்டிருக்கு."

"வரல்லன்னு பார்த்தப்போ உள்ளுக்குள்ள எப்படி இருந்தது?"

"உள்ளுக்குள்ளயும் எழுதினேன்னுதான் இருந்தது."

ஆர்ஷா படிவத்தில் கட்டம் தேடினாள். சோகம், பயம், கோபம், வெறுமை, பிற. 'பிற' என்பதற்கு எதிரே அரை அங்குலம் இடம். "பரீட்சை எழுதினேன்" என்பது அதில் அடங்கவில்லை.

"கண்ணீர் எதனால்?"

"மொளகாய் வத்தல்."

அதற்குக் கட்டமே இல்லை. ஆர்ஷா சற்று யோசித்து, 'காரணத்தை வெளியே தேடுகிறார்' என்று எழுதினாள். எழுதும்போது அவள் முகத்தில் வெட்கம் தெரிந்ததாக இசக்கிசெல்விக்குப் பட்டது. கடைசியில் கழுத்தில் மாட்ட ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். மஞ்சள் என்றால் கவனிப்பில் இருப்பவர். பச்சை வாங்கினால் குணமானவர். மஞ்சளிலிருந்து பச்சைக்கு ஆறு அமர்வு, வாரத்துக்கு ஒன்று.

அந்த அட்டையோடு ஏழாம் கவுண்டருக்குத் திரும்பிப் போனபோதுதான் தெரிந்தது, இருபத்தொன்றாம் சுற்றறிக்கை என்று இன்னொன்று இருக்கிறது. மஞ்சள் அட்டைக்காரருக்கு மன அழுத்தம் தரக்கூடிய எந்தத் தகவலையும் எந்த அலுவலகமும் சொல்லக் கூடாது. பரீட்சைப் பிரிவில் அழுத்தம் தராத தகவல் ஏது?

"பச்சை ஆயிட்டு வா" என்றார் விஜய்குமார் சார், கவுண்டர் கண்ணாடியைப் பாதி இறக்கியபடி.

"மார்க்கைத் திருத்தினா நான் இப்பவே பச்சை ஆயிருவேன் சாரே."

"பச்சை ஆனா நானும் இப்பவே பார்ப்பேன்."

ஆறு வாரத்தில் பச்சை. பத்து நாளில் சேர்க்கை முடிகிறது. கணிதம் படித்த பெண்ணுக்கு இதைப் போட்டுப் பார்க்கத் தாள் தேவைப்படவில்லை. மறுநாள் காலை எட்டரைக்கே மனோதீரத்தின் இயக்குநர் அறை வாசலில் போய் நின்றாள்.

இயக்குநர் பேராசிரியர் ராமசுப்ரமணியன் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துக்காரர். முப்பது வருடம் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மனதைப் பற்றி அவருக்கு முன்பின் தெரியாது. அந்தத் துறையில் விருப்பு வெறுப்பு இல்லாதவர் என்பதாலேயே தேர்ந்தெடுத்ததாக நியமன ஆணையில் இருந்தது.

"வா கொழந்தே, ஒக்காரு. ஒண்ணும் பேடிக்க வேண்டாம், பயம் எதுக்கு, கேட்டியா" என்று அன்பாகத் தொடங்கினார். அவள் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். பிறகு சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். ஒரு கோடு உயரத்திலிருந்து சரிந்து வந்து தரையில் படுத்திருந்தது.

"இது என்னன்னு தெரியறதா? மாணவர் புகார். மனோதீரம் வர்றதுக்கு முன்னே வருஷத்துக்கு நாலாயிரத்து இருநூறு. இப்போ பூஜ்யம். ஒண்ணுகூட இல்லையாக்கும். புகார் எல்லாம் எங்கே போச்சுன்னு கேளேன்."

"எங்க போச்சு சார்?"

"எல்லாத்தையும் உணர்ச்சியா மாத்திட்டோம். புகார்னா பதில் சொல்லணும், கொழந்தே. உணர்ச்சின்னா கேட்டுண்டா போதும்."

சொல்லிவிட்டு அவரே அந்த வாக்கியத்தின் அழகில் சிறிது நேரம் இருந்தார்.

வேறு நேரமாக இருந்தால் அவளை வெளியே அனுப்பியிருப்பார். ஆனால் அடுத்த வியாழக்கிழமை தில்லியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. மேடையில் நிறுத்திக் காட்ட, குணமான ஒரு மாணவர் வேண்டும். பதிவேட்டில் அறுநூறு மஞ்சள் இருந்தார்கள், பச்சை ஒன்றுகூட இல்லை. ஆறு அமர்வையும் ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாக அவர் சொன்னபோது, இசக்கிசெல்வி காலில் விழப் போனாள். விழுந்தால் அதையும் எழுதிவிடுவார்களோ என்று நிமிர்ந்துகொண்டாள்.

முதல் அமர்வு சிரிப்பு. ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் விசில் ஊதினால் நாற்பது பேரும் சிரிக்க வேண்டும், மறுபடி ஊதினால் நிறுத்த வேண்டும். சத்தம் போதாதவர்கள் பின்வரிசையில் நின்று மறுபடி சிரித்தார்கள். விரல் ரேகை வைத்துத்தான் வருகைப் பதிவு. முக்கால் பங்கு சிரிப்புக்கு வராதவர்கள் துறைத் தலைவரின் கடிதம் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது அமர்வு மரத்தைத் தழுவுவது. ஆளுக்கொரு மரம். இசக்கிசெல்விக்கு விழுந்தது பலாமரம், மரம் நிறையச் சிவப்பெறும்பு. பக்கத்து மரத்தைத் தழுவிக்கொண்டிருந்தவன் நவநீத், விலங்கியலில் ஆராய்ச்சி மாணவன். இரண்டு வருடமாக மஞ்சளில் இருக்கிறான்.

"உங்களுக்கு என்ன பிரச்சினை அண்ணா?"

"ஹாஸ்டல் குளிமுறிக்குத் தாழ்ப்பாள் இல்ல. எழுதிக் கொடுத்தேன். பாதுகாப்பின்மை உணர்வுன்னு இங்க அனுப்பிட்டாங்க."

"இப்போ தாழ்ப்பாள் போட்டாச்சா?"

"எங்க? உள்ள ஆள் இருக்குன்னு தெரியணும் இல்லியா, பாடிக்கிட்டே குளிக்கிறேன். வார்டன் கேட்டுட்டு, 'மகிழ்ச்சி கூடியிருக்கிறது'ன்னு எழுதியிருக்கார்."

மூன்றாவது அமர்வில், நமக்கு வருத்தம் தந்தவருக்கே நன்றிக் கடிதம் எழுத வேண்டும். இசக்கிசெல்வி தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுதினாள். எந்தத் தேதி, எந்த அறை, எத்தனையாவது இருக்கை, கூடுதல் தாள்களின் எண்கள், மேற்பார்வையாளர் போட்டிருந்த சட்டையின் நிறம் வரை எழுதி, 'இவ்வளவும் இருக்க நான் வரவில்லை என்று கண்டுபிடித்த தங்களுக்கு நன்றி' என்று முடித்தாள். அதற்கு முதல் பரிசு கிடைத்தது. லாமினேட் செய்து கூடத்தில் மாட்டினார்கள். போவோர் வருவோர் எல்லாம் எழுத்து அழகாக இருக்கிறது என்றார்கள்.

நான்காவதுக்குப் பெற்றோர் வர வேண்டும். அப்பா கொல்லத்தில் கொத்தனார் வேலையில் இருந்ததால், முத்தாரம்மாள் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். ராமசுப்ரமணியன் எழுந்து நின்று வணங்கினார்.

"ஒங்க பொண்ணு கெட்டிக்காரி. ஆனா ரெசிலியன்ஸ் கொறச்சலாக்கும்."

முத்தாரம்மாள் பயந்துவிட்டாள். "அது ரத்தத்துல உள்ளதா சார்? பீட்ரூட் குடுத்தா கூடுமா?"

"அது மனசுல இருக்கறது. நடந்ததை ஏத்துக்கற சக்தி. பரீட்சைக்குப் போகலேங்கறதை அவளால ஏத்துக்க முடியலே."

முத்தாரம்மாளின் பயம் அதோடு தெளிந்தது. "யாரு போகல? அன்னிக்கு நாந்தான கெழக்கேகோட்டையில பஸ் ஏத்தி விட்டேன். மத்தியானம் வந்து கஞ்சி குடிச்சா. கையெல்லாம் மை. நடுவுல அவ எங்க போனாங்கிய? சினிமாவுக்குப் பேனா எடுத்துட்டா போவாக?"

இயக்குநர் ஆர்ஷாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "எழுதிக்கோ. குடும்பத்துக்கே இருக்கு" என்றார். ஆர்ஷா எழுதவில்லை. பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தாள். வெளியே வரும்போது முத்தாரம்மாள் மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, இவங்க நல்லவங்களாத்தான் தெரியுது. நல்லவங்ககிட்ட மாட்டினா எப்படிட்டி வெளிய வாரது?"

ஐந்தாம் அமர்வு ஆர்ஷாவோடு தனியாக. அன்று ஆர்ஷா எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள், குழாய், கையெழுத்துப் போடாத வழிகாட்டி என்று எழுபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"போன வாரம் ஒரு பெண்குட்டி வந்தாள்" என்றாள் ஆர்ஷா. "நிஜமாகவே உட்கார்ந்து பேச வேண்டியவள். மூணு நாளா தூங்கல்ல, சாப்பிடல்ல. எனக்கு ஒரு மணி நேரம் வேணும். சிஸ்டம் ஏழு நிமிஷம்தான் தரும். மூணு வாரம் கழிச்சு வரச் சொல்லி டோக்கன் கொடுத்தேன். அப்புறம் மனசு கேட்காம நம்பர் தேடிப் போன் பண்ணினேன், வீட்டுக்கே போனேன். இப்போ கொஞ்சம் பரவாயில்ல. அதுக்கு எனக்கு மெமோ. வளாகத்துக்கு வெளியே அக்கறை காட்டினதுக்கு."

"நான் என் ஏழு நிமிஷத்தை விட்டுக் குடுக்கட்டா மேடம்?" என்றாள் இசக்கிசெல்வி. ஆர்ஷா சிரித்தாள். விசில் இல்லாமல் அந்தக் கட்டடத்தில் அவள் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஆறாவது அமர்வுக்குப் பெயர் 'ஏற்பு'. புதன்கிழமை மாலை ஒரு தாளை நீட்டினார்கள். 'நான் தேர்வுக்கு வரவில்லை என்பதை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்து. போட்டால் பச்சை.

"இது பொய் சார்" என்றாள்.

"பொய்யா நெஜமாங்கறது பரீட்சைப் பிரிவு விஷயம்" என்றார் ராமசுப்ரமணியன். "இங்கே நிம்மதி மட்டுந்தான் பாக்கறது. போட்டா நாளைக்கு ஒனக்குப் பச்சை. போடலேன்னா இன்னொரு ஆறு."

அவள் ஆர்ஷாவைப் பார்த்தாள். ஆர்ஷா தரையைப் பார்த்தாள். பச்சை இல்லாமல் கவுண்டரை நெருங்க முடியாது. நெருங்கிவிட்டால் ஹால் டிக்கெட் பேசும். இப்படிக் கணக்குப் போட்டு இசக்கிசெல்வி கையெழுத்துப் போட்டாள். எழுதிய பரீட்சையை எழுதவில்லை என்று எழுதும்போது கை நடுங்கியது. 'நிம்மதியால் நடுக்கம்' என்று குறித்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை விழா. முன்வரிசையில் தில்லிக் குழு, அதற்குப் பக்கத்தில் துணைவேந்தர். பேச வேண்டியதை அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். மைக் முன்னால் நின்றதும் இசக்கிசெல்விக்கு வேறொன்று தோன்றியது. இவ்வளவு பெரிய மனிதர்கள் ஒரே அறையில் இனி எப்போது கிடைப்பார்கள்? தாளை மடித்தாள்.

"நான் பரீட்சை எழுதினேன்."

இன்னும் உரக்கச் சொன்னாள். "நான் பரீட்சை எழுதினேன்!"

ராமசுப்ரமணியன் துள்ளி எழுந்து மைக்கைப் பிடித்தார். "பார்த்தேளா! பரீட்சைக்கு வராத கொழந்தை. இன்னிக்கு வந்தேன்னு சொல்ற தைரியம் வந்துடுத்து! இதுதான் மனோதீரம்! எல்லாரும் அவளோட சேர்ந்து சொல்லுங்கோ!"

விசில் ஒலித்தது. எழுநூறு பேர் கையைத் தூக்கி, "நான் பரீட்சை எழுதினேன்" என்று முழங்கினார்கள். தில்லிக்காரர்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் எழுந்து நின்று கை தட்டினார்கள். துணைவேந்தரும் சொன்னார். அந்த அரங்கில் பரீட்சை எழுதாதவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. நடுவே மேடையில் நின்ற இசக்கிசெல்விக்கு, கிணற்றுக்குள் நின்று கத்துவது போல் இருந்தது. தான் சொன்னதுதான் திரும்பி வருகிறது. ஆனால் அது இப்போது அவள் சொன்னதல்ல.

பச்சை அட்டையைத் துணைவேந்தரே கழுத்தில் மாட்டினார்.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்கச் செய்தித்தாள்காரர்களுக்கு அவளைப் படம் எடுக்கக் கொடுத்தார்கள். விட்டபோது மணி மூன்றரை. ஏழாம் கவுண்டருக்கு ஓடினாள். விஜய்குமார் சார் பச்சையைப் பார்த்து மகிழ்ந்து, கம்ப்யூட்டரைத் தட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்கே மனோதீரத்திலிருந்து ஒண்ணு இணைச்சிருக்கே. நான் தேர்வுக்கு வரல்லன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்கியே?"

அந்த நேரத்திலும் கண்ணைத் தொடக் கூடாது என்ற நினைவு இருந்தது. திரும்பி மனோதீரத்துக்கு ஓடினாள். சொல்ல வேண்டியதை மூச்சு வாங்கியபடி ஆர்ஷாவிடம் சொன்னாள். ஆர்ஷா ஒரு கணம் இயக்குநர் அறையின் மூடிய கதவைப் பார்த்தாள். காத்திருந்தவர்களிடம், "அரை மணி நேரம், மக்களே" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள்.

கவுண்டரில் ஆர்ஷா குரலை உயர்த்தவே இல்லை.

"சாரே, ஆலோசனை அறையில் ஒரு குட்டி எழுதின தாள் ரகசியம். சட்டப்படி அதை வேறு யாரும் வாசிக்கக் கூடாது. நீங்க வாசிச்சீங்களா?"

"கம்ப்யூட்டரில் வந்தது, வாசிச்சேன்."

"அப்போ நீங்க எழுத்துமூலம் விளக்கம் கொடுக்க வேண்டி வரும்."

விஜய்குமார் சாரின் பேனா உருண்டு கீழே விழுந்தது. "நான் முழுசா வாசிக்கல்ல."

"எவ்வளவு வாசிச்சீங்க?"

"ஒண்ணும் வாசிக்கல்ல" என்றார் அவர். அடுத்த நொடி திரையிலிருந்து அந்தத் தாள் போய்விட்டது. "குட்டி, அந்த ஹால் டிக்கெட்டைக் காட்டு."

மதிப்பெண் பதிவேட்டை எடுத்துவர ஆறு நிமிடம், புரட்ட மூன்று நிமிடம். எண்பதுக்கு எழுபத்தொன்று என்று சிவப்பு மையில் அவள் எண்ணுக்கு நேரே இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அவள் வரியையும் அடுத்த வரியையும் இடம் மாற்றி ஏற்றியிருந்தார். அடுத்த வரிக்காரன் நிஜமாகவே பரீட்சைக்கு வராதவன். அவன் எழுபத்தொன்று வாங்கி, எந்தக் குறையும் சொல்லாமல் இருந்ததால், மனோதீரம் அவனைக் கூப்பிடவே இல்லை.

திருத்திய தாளில் முத்திரை விழும்போது நாலு நாற்பது. ஆர்ஷா அதற்கு முன்பே தன் வரிசைக்குத் திரும்பிப் போயிருந்தாள். சேர்க்கைக் கவுண்டரில் ரசீது வாங்கும்போது நாலு ஐம்பத்திரண்டு. பின்னாலேயே கண்ணாடி இறங்கியது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். அம்மாவுக்குப் போன் போட வேண்டும் என்று நினைத்தாள். நம்பரை அழுத்த முடியவில்லை. விரல் தெரியவில்லை. பத்து நாளாக எங்கே இருந்ததோ, அத்தனையும் கண்ணுக்கு வந்துவிட்டது. நிமிர்ந்தபோது, தூரத்தில் செக்யூரிட்டி ஒருவர் அவளைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடிப்பது தெரிந்தது.

எழுந்து ஓட்டம் பிடித்தாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ரசீதை வாயில் கவ்விக்கொண்டு, நூலகத்தைத் தாண்டி, செயற்கைப் புல்லைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டைக் குறுக்கே கடந்து பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். அங்கே சுற்றறிக்கை செல்லாது.

பஸ் ஸ்டாப்பில் ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள். ஒரு பையன் தூணில் நெற்றியை வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தான். இரண்டு பெண்கள் ஒரே கைக்குட்டையை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடலை விற்கிறவர் தன் பெட்டியை ஓரமாக நகர்த்தி, "இங்க இருந்துக்கோ மக்களே. அஞ்சு மணிக்குக் கூட்டம் ஜாஸ்தி" என்றார்.

பெஞ்சு நுனியில் ஆர்ஷா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெரிய துணிப்பை. அதில் ஒரு குடை, ஒரு ஸ்டீல் டம்ளர், மனோதீரம் என்று அச்சடித்த டிஷ்யூ பேப்பர் டப்பா. திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"என்னால தானே மேடம்" என்று தொடங்கிய இசக்கிசெல்வியால் மேலே பேச முடியவில்லை. வாய்விட்டு அழுதாள். மூக்கொழுக, சத்தமாக, சின்னப் பிள்ளை அழுவதுபோல் அழுதாள்.

ஆர்ஷா டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தாள். ஒன்றை அவளுக்குக் கொடுத்தாள், ஒன்றைத் தானும் எடுத்துக்கொண்டாள். நெடுமங்காடு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆர்ஷா கையசைத்து அனுப்பிவிட்டாள். இருபது நிமிடம் கழித்து அடுத்த பஸ்ஸும் வந்து போனது.

அவ்வளவு நேரமும் ஆர்ஷா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.